இந்த முறை விசாரித்தவள் நான்

என்னை எத்தனை பேர் விசாரித்திருப்பார்கள் என்று எனக்கே தெரியாது. கலியாணம் பேசி வருகிற பகுதியார் பெண்ணைப் பற்றி அக்கம்பக்கத்தில் கேட்டறிவதைத்தான் நாங்கள் விசாரிப்பது என்கிறோம். நாங்கள் இருக்கும் சுவிஸ் நகரமான ஆராவின் தமிழ்க் கடையில் என்னை விசாரித்திருக்கிறார்கள். கோயிலில் சப்பாத்துக் கழற்றும் இடத்தில் விசாரித்திருக்கிறார்கள். துன் நகரத்திலிருந்து வந்த ஒரு மாமி எங்கள் கட்டடத்துச் சலவை அறைக்குள் புகுந்து, துணி மடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு சுவிஸ்காரியிடம் நான் வழக்கமாக எப்போது வீடு திரும்புவேன் என்று கேட்டிருக்கிறார். ஓர்லிகோனில் இருக்கும் ஒரு குடும்பம், நான் டொச், அதாவது ஜெர்மன் மொழி, படிப்பிக்கும் இடத்துக்கே ஆள் அனுப்பியது. வந்தவர் வரவேற்பில் நின்று, அந்த ரீச்சருக்குக் கோபம் வருமா என்று அரைகுறை டொச்சில் கேட்க, அங்கிருந்த பெண் அதை முறைப்பாடு என்று நினைத்து என் மேலாளரையே கூப்பிட்டுவிட்டாள். மேலாளர் என்னைக் கூப்பிட்டார். எனக்குக் கோபம் வந்தது.

முடிவு எப்போதும் ஒன்றுதான். சாதகம் பொருந்தவில்லை என்று தொலைபேசியில் சொல்வார்கள். உண்மையான காரணம் கடைக்கார அண்ணை வழியாக வந்து சேரும். "பிள்ளை நல்ல பிள்ளையாம். வாய்தான் கொஞ்சம் கூடவாம்," என்று முருங்கைக்காயை நிறுத்தபடி அம்மாவிடம் சொல்வார். அம்மா வீட்டுக்கு வந்து என்னை முறைப்பார். நான் அம்மாவை முறைப்பேன். பிறகு இரண்டு பேருமாக அந்த முருங்கைக்காயைச் சமைத்துச் சாப்பிடுவோம்.

இந்த விசாரணைக்கு ஒரு சட்டம் உண்டு. ஊர் உலகமெல்லாம் கேட்கலாம், சம்பந்தப்பட்டவரிடம் மட்டும் நேரே கேட்கக் கூடாது. விசாரிக்கப்படுகிறவரும் அது தெரிந்தாலும் தெரியாததுபோல இருக்க வேண்டும். எல்லாம் சரிவந்தால் அம்மாமார் வாயிலிருந்து இரண்டு சொல் வரும்: "நல்ல இடம்." எங்கள் அம்மா அதை லேசில் செலவழிப்பவர் அல்ல. எனக்கு வந்த எந்தச் சம்பந்தத்துக்கும் அவர் அப்படிச் சொன்னதில்லை.

இப்படிப்பட்ட பயிற்சியோடுதான் நான் கொரியாவில் வேலை தேடத் தொடங்கினேன்.

சியோலில் பாட்டும் பியானோவும் படித்தவர்கள் பலர் ஜெர்மனி, ஒஸ்திரியா, சுவிஸ் இசைக் கல்லூரிகளுக்கு வர விரும்புகிறார்கள். அதற்கு டொச் வேண்டும். அதைப் படிப்பிக்கத் தனியார் மொழிப் பள்ளிகள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு விளங்கச் சொன்னால், ரியூட்டரி. கொஞ்சம் கண்ணாடியும் லிப்டும் உள்ள ரியூட்டரி. அப்படியொரு பள்ளியின் விளம்பரத்தை ரயிலில் இருந்தபடி கைபேசியில் பார்த்தேன். "டொச்சைத் தாய்மொழியாகப் பேசும் நாட்டு ஆசிரியர் தேவை" என்று இருந்தது. எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. இறங்க வேண்டிய ஆராவ் நிலையத்தையும் விட்டுவிட்டேன்.

ஏன் அவ்வளவு துள்ளல் என்றால், நான் இங்கே பிறந்தவள், இந்த நாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவள், டொச் படிப்பிப்பதற்கென்றே படித்துப் பட்டம் எடுத்தவள். இருந்தும் ஒவ்வொரு புது வகுப்பின் முதல் நாளும் யாராவது ஒருவர் என்னைப் பார்த்து, ரீச்சர் எப்போது வருவார் என்று கேட்பார். கேட்பவர் எரித்திரியாவிலிருந்தோ சிரியாவிலிருந்தோ வந்தவராக இருப்பார், அவர் பிழையில்லை. ஆனால் வருடக்கணக்கில் கேட்டால் எரிச்சல் வராதா? தவிர, என் மாணவர்கள் வதிவிட அனுமதி புதுப்பிக்க வேண்டுமே என்று படிக்கிறவர்கள். காதல் பாட்டுப் பாடுவதற்காக ஒரு மொழியைப் படிக்கிறவர்களுக்கு ஒரு தடவையாவது படிப்பிக்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது.

அந்த விளம்பரம் போட்ட பள்ளி பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருந்தது. மினுங்கும் இணையத்தளம், நல்ல சம்பளம், எக்கச்சக்கமான வகுப்புகள். எடுத்த எடுப்பில் என் படத்தைக் கேட்டார்கள். சாதகம் ஒன்றுதான் கேட்கவில்லை. எங்களைப் பற்றி அறிய விரும்பினால் இவரோடு பேசுங்கள் என்று அங்கு வேலை செய்யும் ஓர் ஆசிரியையின் தொடர்பையும் தந்தார்கள். காணொளி அழைப்பில் அவர் பள்ளியைப் புகழ்ந்துகொண்டே போனார். கண் மட்டும் திரையின் ஓரத்தில் எதையோ வாசித்துக்கொண்டிருந்தது.

அம்மா குசினியில் வெங்காயம் வெட்டியபடி காது கொடுத்துக்கொண்டிருந்தார். முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்பவர் என்பதால் வெங்காயம் வெட்டும்போது அவருக்குக் கண்ணும் கலங்காது, கவனமும் கலையாது.

"மாப்பிளை வீட்டுக்காரர் காட்டின ஆளிட்டை மாப்பிளையைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்லுவினம்?" என்றார்.

"எனக்கும் தெரியும் அம்மா."

"தெரிஞ்சால் ஏன் பல்லைக் காட்டிக்கொண்டு இருக்கிறாய்?"

பல்லைக் காட்டியது உண்மை. ஆசை அப்படி. அந்த ஆசைக்கு இரண்டு நாளில் அந்தப் பள்ளியே மண் போட்டது. உடனே கையெழுத்து வையுங்கள், முதலில் சுற்றுலாப் பயணியாக வந்து வேலையைத் தொடங்குங்கள், விசாவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார்கள். நான் அதை மொழிபெயர்த்து வாசித்தபோது அம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

"பிறகு பாக்கலாம் எண்டு சொன்ன ஒரு ஏஜென்சிக்காரனை நம்பித்தான் நான் இந்த நாட்டுக்கு வந்தனான். பிறகு, பிறகு எண்டு தற்காலிக அனுமதியோடை எத்தினை வருசம் கிடந்து சீரழிஞ்சனாங்கள். உனக்குச் சொந்தமா ஒரு பாஸ்போட் இருக்கு. அதை வைச்சுக்கொண்டு நீ களவாய்ப் போய் வேலை செய்யப் போறியோ?"

அம்மாவின் குரல் நடுங்கியது. அவருக்குக் கோபம் வந்தால் கத்துவார். நடுங்கினால் அது வேறு. அன்றைக்கே அந்தப் பள்ளிக்குப் பதில் எழுதினேன். வாய் கூட என்று ஊர் எனக்குத் தந்த பட்டத்துக்கு அந்த ஒரு கடிதத்தில் முழு நியாயமும் செய்தேன். எழுதி முடித்தபோது பசி எடுத்தது.

இரண்டாவது பள்ளி சிறியது. ஒரு கோப்பிக் கடையின் மேல்மாடியில் சில அறைகள், அவ்வளவுதான். நடத்துபவர் ஒரு பெண்மணி. முன்பு ஜெர்மனியில் இருந்து பாட்டுப் படித்தவர், ஆகவே நல்ல டொச் பேசினார். நேர்முகத்தில் ஒரு பாட்டு வரியைத் தந்து, பாடத் தெரிந்த ஆனால் பொருள் தெரியாத ஒருவருக்கு இதை எப்படி விளக்குவீர்கள் என்று கேட்டார். நான் எழுந்து நின்று கையை ஆட்டி விளக்கியதில் மேசையில் இருந்த தேநீர் கொட்டியது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் ஒப்பந்தம் வந்தது. விசா கைக்கு வந்த பிறகே வேலை என்று முதற் பக்கத்திலேயே இருந்தது.

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஆனால் விசாரிக்கப்பட்டே வளர்ந்தவளுக்குச் சந்தோசத்தை நம்பத் தெரியாது. ஒப்பந்தத்தில் வாரத்துக்கு உறுதியளித்த மணித்தியாலம் மற்றப் பள்ளி சொன்னதைவிட மிகக் குறைவு. ஏன்? பள்ளியின் பழைய படமொன்றில் ஒரு ஜெர்மன்கார ஆசிரியர் நின்றார், இப்போது இல்லை. ஏன்? இந்த மாத முடிவுக்குள் நான் ஆராவ் வேலையை விடுவதாக எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு அங்கே போய் ஏமாந்தால், திரும்பி வந்து இருக்க ஒரு வகுப்பறைகூட எனக்கு மிஞ்சாது. போகாமல் விட்டாலோ, இந்தத் துணிச்சல் எனக்கு இன்னொரு முறை வராது என்பதும் தெரிந்திருந்தது.

ஆகவே முறைப்படி விசாரணையில் இறங்கினேன். உண்மையைச் சொன்னால், அந்த நாட்களைப்போல நான் உற்சாகமாக இருந்ததே இல்லை. இத்தனை வருடம் என்னைச் சலவை அறைவரை வந்து துருவியவர்களின் வித்தை முழுதும் இப்போது என் கையில். அம்மாவும் சேர்ந்துகொண்டார். வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்ற முன்பே, "ஏதும் தெரிஞ்சுதோ?" என்பார். அந்தப் பெண்மணி குடிப்பாரா, கடன் கிடன் உண்டா, புருசன் எப்படி என்றெல்லாம் கேட்டார். அம்மா, நான் அவவைக் கட்டப் போறதில்லை என்றேன். ஒரு வருசம் ஒண்டாய் இருக்கப் போறாய்தானே என்றார்.

இணையத்தில் தேடி அந்த ஜெர்மன்காரரைப் பிடித்தேன். ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே அவர் விலகியிருந்தார். மோசமான இடம் இல்லை என்றார். அப்படியானால் ஏன் விட்டீர்கள் என்றேன். "அதை அவரிடமே கேளுங்கள், அவர் சொல்வதுதான் முறை," என்று முடித்துக்கொண்டார். சாதகம் பொருந்தவில்லை என்பதைத்தான் இவர் டொச்சில் சொல்கிறார் என்று நான் தீர்மானித்தேன்.

அடுத்து, முன்பு என் வகுப்பில் படித்த ஒரு கொரியப் பெண்ணைப் பிடித்தேன். சுவிஸ்காரரைக் கட்டி ஆராவில் இருப்பவள், இப்போது தோழி. சியோலில் பள்ளிக்குக் கீழே உள்ள கோப்பிக் கடைக்குத் தொலைபேசி எடுத்து நாலு கேள்வி கேள் என்றேன். மேலே சத்தம் சண்டை கேட்குமா, ஆசிரியர்கள் இறங்கி வரும்போது முகம் எப்படி இருக்கும், அவர்கள் அடிக்கடி மாறுகிறார்களா. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தன் அம்மம்மா காலத்தில் கலியாணத்துக்கு இப்படிக் கேட்பார்களாம், வேலைக்குக் கேட்டு அவள் அறிந்ததில்லையாம். இருந்தும் கேட்டாள். மேலே பாட்டுச் சத்தம்தான் வரும், அதுவும் சில நாள் சுருதி சேராது என்று கடைக்காரி சொல்லியிருக்கிறாள்.

கடைக்காரி அதோடு நிற்கவில்லை. படியேறிப் போய் மேல்மாடியிலும் சொல்லிவிட்டாள்.

அன்று மத்தியானமே அந்தப் பெண்மணியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "நீங்கள் என்னைப் பற்றி விசாரிப்பதாக அறிந்தேன். நாளை காலை பேசலாமா?"

எங்கள் ஆட்களிடையே இப்படி ஒருவரும் எழுதமாட்டார்கள். தெரியும், ஆனால் தெரியாது என்று இருப்பதல்லவா மரியாதை? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான் என்று சொல்லிச் சொல்லி வீட்டுக்குள் நடந்தேன்.

"முடிஞ்சுது அம்மா. அவவுக்குத் தெரிஞ்சிட்டுது."

"அவ கோவக்காரியோ?"

"எனக்கென்ன தெரியும்!"

"அதைத்தானே முதல் விசாரிச்சிருக்க வேணும்," என்றார் அம்மா.

காலையில் வெளியே ஒரே மூடுபனி, எதிர்க் கட்டடமும் தெரியவில்லை. சியோலில் அப்போது பின்நேரம். திரையில் அவர் வந்தார். நான் மன்னிப்புக் கேட்கத் தயார்செய்த வசனத்தைத் தொடங்க முன்பே அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மன்னிப்பு வேண்டாம். விசாரித்தது சரி. ஆனால் கோப்பிக் கடைக்காரியைக் கேட்டீர்கள், பழைய ஆசிரியரைக் கேட்டீர்கள். என்னை ஏன் கேட்கவில்லை?"

கோபக்காரியா என்று என்னிடமே கேட்காமல் என் மேலாளர்வரை போனவர்களை எவ்வளவு திட்டியிருக்கிறேன்! அதே வேலையைத்தான் அச்சுப் பிசகாமல் நானும் செய்திருந்தேன். வெட்கத்தை விழுங்கிக்கொண்டு கேட்டேன். "முன்பிருந்தவர் ஏன் இடையில் போனார்?"

"என் பிழையால்," என்றார். "வகுப்புகள் நிறையும் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன், நிறையவில்லை. இல்லாத மணித்தியாலங்களை எழுதிக் கொடுத்து ஒரு மனிதரைக் கண்டம் தாண்டிக் கூப்பிட்டுவிட்டேன். அவர் நல்லவர், வெளியில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு என்னிடம் இருப்பதை மட்டும்தான் ஒப்பந்தத்தில் எழுதுகிறேன். உங்களுக்குக் குறைவாகத் தெரிவது அதனால்தான்."

மடியில் கனமில்லாதவருக்கு வழியில் பயமில்லை என்று சும்மாவா சொன்னார்கள்?

"இனி என் முறை," என்றார் அவர். "உங்களைப் பற்றி நான் யாரிடமும் கேட்கவில்லை. பட்டம் இருக்கிறது, அனுபவம் இருக்கிறது, தேநீரைக் கொட்டுவீர்கள் என்பதும் தெரியும். ஒரு கேள்விதான் மிச்சம். இங்கே வர உங்களுக்கு விருப்பமா?"

என்னைப் பற்றி ஊரில் கேட்கப்படாத கேள்வி இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சமைப்பேனா, கோயிலுக்குப் போவேனா, எப்போது வீடு திரும்புவேன், வாய் கூடவா. ஆராவிலிருந்து துன் வரைக்கும் கேட்டுத் திரிந்தார்கள். எனக்கு விருப்பமா என்று ஒருவரும் கேட்டதில்லை. வாய் கூட என்று பெயரெடுத்தவளுக்கு டொச் மொத்தமும் எங்கோ போய்விட்டது.

"ஓம்," என்றேன், தமிழில்.

பிறகுதான் அவசர அவசரமாக டொச்சிலும் சொன்னேன். அவருக்கு முதலே விளங்கியிருந்தது. அழைப்பு முடிந்து திரும்பினால், குசினி வாசலில் அம்மா நிற்கிறார். அவ்வளவு டொச்சுக்குள்ளும் அந்த ஒரு சொல் அவர் காதில் விழுந்திருந்தது.

"என்ன, முற்றாச்சோ?" என்றார், கலியாணம் நிச்சயமானதோ என்று கேட்பதுபோல.

"ஓம் அம்மா. முற்றாச்சு."

"அவ என்ன கேட்டவ?"

"எனக்கு வர விருப்பமோ எண்டு கேட்டவ."

"வேறை?"

"வேறை ஒண்டும் கேக்கேல்லை."

அம்மாவுக்கு வேலைக்குப் போகிற நேரம். கதவருகே குந்தியிருந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டத் தொடங்கினார். ஒன்றைக் கட்டினார், மற்றதையும் கட்டினார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நல்ல இடம்," என்றார்.