மூன்றாவது குமிழும் மூன்று வீசை கொடுவாவும்

காலை எடுத்துவிட்டேன். கார் கேட்கவில்லை!

மூன்று வாரத்துக்கு முன்பு, அறந்தாங்கிக் கடைவீதியில் நடந்தது இது. எதிரே வைக்கோல் வண்டி. ஆக்ஸிலரேட்டரிலிருந்து பாதத்தை முழுசாக எடுத்த பிறகும் எஞ்சின் 'வீல்' என்று கத்திக்கொண்டு முன்னே இழுக்கிறது. பிரேக்கை மிதித்து, சாவியைத் திருகி, வைக்கோலுக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தினேன். வண்டிக்காரர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

கார் என்றால் குடும்பக் கார் அல்ல. இரண்டே ஸீட், கூரை இல்லாத இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார். சமஸ்தானம் இணைந்த பிறகு புதுக்கோட்டையில் பெரிய வீட்டுச் சாமான்கள் பல கைமாறின அல்லவா? அதில் இது ஐந்தாவது கையாக என்னிடம் வந்து சேர்ந்தது. டாஷ்போர்டில் மூன்று குமிழ்கள். ஒன்று ஸ்டார்ட்டர், ஒன்று சோக். மூன்றாவது, கீழ் விளிம்பில் கொஞ்சம் தலைகுனிந்தாற்போல் இருப்பது, எதற்கென்று விற்றவருக்கே தெரியவில்லை. அலங்காரத்துக்கு என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

ஒரு நில வழக்கு விஷயமாக சனிக்கிழமைதோறும் கட்டுமாவடி போய்வருகிறேன். போகும்போது கார் பசுமாடு மாதிரி சாது. திரும்பும்போதுதான் கூச்சல்! திங்கட்கிழமை மெக்கானிக் சவரிமுத்துவிடம் விட்டால், ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானேங்க ஓடுது" என்பார்.

வக்கீல் புத்தி சும்மா இருக்குமா? வழக்கின் எதிர்க்கட்சிக்காரன் கட்டுமாவடியில் வைத்துக் காரில் ஏதோ செய்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். காவலுக்கு ஓர் ஆளை நிறுத்தினேன். அப்படியும் கத்தியது. அப்படியென்றால்... காரைத் திறந்து மூடுகிற கை வேறு யாருடையது? சவரிமுத்துதான் நல்ல பாகத்தைக் கழற்றிக்கொண்டு பழசை மாட்டுகிறாரோ? நினைக்க நினைக்க அவருடைய சிரிப்புகூட எனக்குத் திருட்டுச் சிரிப்பாகத் தெரிந்தது.

சவரிமுத்து ஆவூர்ப் பக்கத்துக்காரர். பதினைந்து வருஷமாகப் புளியமரத்தடியில், மழையிலும் வெயிலிலும் மல்லாந்து படுத்து ரிப்பேர் பார்க்கிறவர். எங்கள் ஊர் பஸ் முதலாளி ஒருவர் அவரைத் தம் ஷெட்டுக்கு ஹெட் மெக்கானிக்காக எடுக்க நினைத்து, என்னிடம் அபிப்பிராயம் கேட்டார்.

"வேலை தெரிஞ்ச ஆளுதான். ஆனா, கண்ணுல வெளக்கெண்ணெய விட்டுக்கிட்டுப் பாத்துக்கங்க" என்றேன்.

அந்த 'ஆனா' போதாதா? முதலாளி அவரைக் கூப்பிடவில்லை.

போன வெள்ளிக்கிழமை சவரிமுத்துவே வீட்டுக்கு வந்தார். "அங்கிட்டுப் போகையில ஒண்ணுமில்ல, இங்கிட்டு வாரையிலதான் கத்துதுங்கிறீங்க. நாளைக்கு நானும் கூட வாரேங்கய்யா. என்னன்னு கையோட பாத்துருவோம்."

வரட்டும், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று நான் கணக்குப் போட்டேன். மறுநாள் வழியெல்லாம் ரோட்டைப் பார்த்ததைவிட அவர் விரல்களைப் பார்த்ததுதான் அதிகம். போகும்போது கார் வழக்கம்போல் சாது.

கட்டுமாவடியில் வேலை முடிந்தது. மீன் வாங்காமல் வீடு திரும்பினால் என் மேலேயே கேஸ் நடக்கும். ஓலைக் கொட்டானில் மூன்று வீசை கொடுவா வாங்கினேன்.

"குடுங்கய்யா, மடியில வச்சுக்கிறேன்" என்று சவரிமுத்து கையை நீட்டினார்.

மீனைக்கூட அவரிடம் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை! "வேண்டாம்" என்று சொல்லி, காரின் கம்பளத்தில் மீன்தண்ணீர் படாமலிருக்க எப்போதும் மாட்டுகிற இடத்திலேயே மாட்டினேன் — அதாவது, அந்த மூன்றாவது குமிழில்.

இரண்டு மைல் போவதற்குள் கார் கத்த ஆரம்பித்தது. "பாத்தீங்களா?" என்று ஓரமாக நிறுத்தினேன். எஞ்சின் அலறிக்கொண்டே இருந்தது.

சவரிமுத்து குனிந்து குமிழைப் பார்த்தார். கொட்டானை ஒரு கையால் மெதுவாக மேலே தூக்கினார். எஞ்சின் அடங்கியது. கீழே விட்டார். அலறியது. மறுபடி தூக்கினார்... அடங்கியது. இப்படி மூன்று தடவை. ஒவ்வொரு தடவைக்கும் என் தலை ஒரு படி கீழே இறங்கியது.

"இது ஹாண்ட் த்ராட்டிலுங்கய்யா. கையால இழுத்து வைக்கிற ஆக்ஸிலேட்டர். எஞ்சின் சூடாகுற வரைக்கும் அணையாம ஓடணும்னு வச்சது. நீங்க மீனை வச்சு இழுத்திருக்கீங்க."

குமிழைப் பிடித்து நிறுத்துகிற வாஷர் தேய்ந்து போயிருந்ததாம். அதனால்தான் பாரம் தொங்கி, வண்டி குலுங்கியதும் கம்பி இழுபட்டு, கொட்டானை எடுத்ததும் தானாகத் திரும்பியிருக்கிறது. அங்கேயே ரோட்டோரத்தில் தன் செருப்பு வாரில் ஒரு துண்டு வெட்டி, துளை போட்டு, வாஷராகச் செருகினார். கொட்டான் இப்போது அவர் மடியில்.

"நல்லவேளை, மொதல்லயே எங்கிட்டக் குடுக்கல நீங்க. குடுத்திருந்தா இன்னைக்கும் கண்டுபிடிச்சிருக்க முடியாது" என்று சிரித்தார். கொஞ்ச தூரம் போனதும் அவராகவே சொன்னார்: "பஸ் ஷெட்டுக்குக் கூப்பிடுவாகன்னு இருந்தேங்கய்யா. என்னமோ, ஒரு சேதியும் காணோம்."

 அன்றைக்கு நான் பட்ட வெட்கத்தை எந்தக் கோர்ட்டிலும் பட்டதில்லை. அவரிடம் உண்மையைச் சொல்லவும் தைரியம் வரவில்லை.

ஊருக்கு வந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே பஸ் முதலாளியிடம் போனேன். நான் சொன்னது அபாண்டம், தப்பு முழுக்க என்னுடையது என்று குமிழ், கம்பி, கொடுவா எல்லாவற்றையும் முக்கால் மணி நேரம் விளக்கினேன். முதலாளி பொறுமையாகக் கேட்டார். பிறகு மூக்கைச் சுருக்கினார்.

"மீன் வாசம் தூக்குதே, வக்கீல் சார்... சவரிமுத்து வாங்கிக் குடுத்ததுங்களா?"

சந்தேகத்தை ஏற்றிவைக்க ஒரு 'ஆனா' போதுமாக இருந்தது. இறக்கிவைக்க முக்கால் மணி நேரம் போதவில்லையே!

முதலாளி வாராவாரம் பத்திரிகையில் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர். அதனால் அச்சிலேயே சொல்லிவிடுகிறேன். ஐயா, மீன் என் காசில் வாங்கியது. சவரிமுத்து இன்னும் அந்தப் புளியமரத்தடியில்தான் இருக்கிறார். வேலை தெரிந்தவர், கை சுத்தமானவர் — இந்தத் தடவை 'ஆனா' கிடையாது.