ரீச்சர் வீட்டு மணிக்கூடு எந்த ஊர்?

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மணிக்கூடு திருத்தும் கடை வைத்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு சம்பவம். என் கெட்டித்தனத்தைச் சொல்ல அல்ல, கிடைத்த உதவியைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கோப்பாயில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவருக்குக் கண் பார்வை போய்விட்டது. சுவர் மணிக்கூடு அடிப்பதை எண்ணித்தான் நேரம் அறிவார். அது அடிப்பதை நிறுத்திவிட்டது.

"மகன் அனுப்பின போனிலை ஒருத்தி இங்கிலிசிலை நேரம் சொல்லுறாள் தம்பி. ஆனா முதல்லை போனைத் தடவித் தேட வேணும். மணிக்கூடு தானா அடிக்கும்" என்றார்.

கழற்றிப் பார்த்தேன். மணியடிக்கும் பக்கத்துச் சில்லொன்றில் பல் உடைந்திருந்தது. அதே கொம்பனிச் சில்லுத்தான் பொருந்தும். சில்லுகளைத் தாங்கும் பித்தளைப் பிளேட்டிலோ பெயரும் இல்லை, முத்திரையும் இல்லை. பெட்டி அசல் ஜேர்மன் பெட்டி. ஆகவே மெஷினும் ஜேர்மன்தான் என்று முடிவுகட்டினேன். ஜேர்மனியில் இருக்கும் மருமகனை நச்சரித்து, அதே மாதிரி மணிக்கூட்டின் சில்லொன்றை எடுப்பித்தேன். பொருந்தவில்லை.

கைவிரிக்கத்தான் கோப்பாய்க்குப் போனேன். "இந்த ஜேர்மன் பெட்டிக்குள்ளை இப்பிடி ஒரு மெஷினை நான் கண்டதில்லை ரீச்சர்."

"அது இதின்ரை பெட்டி இல்லையே. சண்டையிலை இடம்பெயரேக்கை பெட்டியைத் தூக்க ஏலாது. மெஷினை மட்டும் கழட்டி, சீலையிலை சுத்திக்கொண்டு போனனான். திரும்பி வர, வீட்டிலை பெட்டியும் இல்லை, கதவும் இல்லை. பேந்து வாங்கினதுதான் உந்தப் பெட்டி. மெஷின், அப்பாவுக்கு மிஷன் பள்ளிக்கூடத்து அமெரிக்கக்காரர் குடுத்தது."

"ஏன் முதலே சொல்லேல்லை?"

"நீர் கேக்கேல்லையே."

அமெரிக்க மணிக்கூடுகளில் கொம்பனிப் பெயர் பெரும்பாலும் பெட்டிக்குள் ஒட்டிய கடதாசியில்தான் இருக்கும். பெட்டியோடு பெயரும் போய்விட்டது.

குருநகரில் அந்தோனி அண்ணையும் மணிக்கூடு திருத்துகிறவர். எங்களுக்குள் தொழிற்போட்டி, அதிகம் கதைப்பதில்லை. பெயர் பொறித்த அமெரிக்க மெஷின் ஒன்றை அவர் பொன்போல வைத்திருப்பது தெரியும். வெட்கத்தை விட்டுப் போய் ரீச்சரின் நிலையைச் சொன்னேன். இரண்டையும் கழற்றிப் பிளேட்டின்மேல் பிளேட்டை வைத்தோம். வெட்டுக்கு வெட்டு, ஓட்டைக்கு ஓட்டை அச்சொட்டாகப் பொருந்தியது. செய்த கொம்பனி தெரிந்துவிட்டது.

நன்றி சொல்லி எழும்பினேன். "பேரை மட்டும் கொண்டுபோய் என்ன செய்யப்போறீர்? இதிலை இருக்கிற சில்லைக் கழட்டும். மனிசி நேரம் தெரியாமல் இருக்கிறா" என்றார். முழு மெஷினைக் குலைக்க ஒரு தொழிலாளிக்கு எவ்வளவு மனம் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அந்த நன்றியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

மணிக்கூட்டைச் சுவரில் மாட்டினேன். அது அடிக்க அடிக்க ரீச்சர் விரல் மடித்து எண்ணினார்.

"சரியா இருக்கு. இனி அந்த இங்கிலிசுக்காரி படுக்கட்டும்."

இப்போது யார் மணிக்கூடு கொண்டுவந்தாலும், ஸ்குரூ கழற்ற முதல் கதிரையை இழுத்துப் போட்டு, "இது எங்கையெல்லாம் போய் வந்தது?" என்று கேட்கிறேன். கதை நீளும், என் தேத்தண்ணி ஆறிப்போகும். ஆறட்டும்.