மாப்பிள்ளைக் காருக்கு ஜுரம்

அந்த வீடியோ உங்கள் போனுக்கும் வந்திருக்கும். பள்ளிகொண்டா டோல்கேட் பக்கம், ரோட்டோரம். மாப்பிள்ளைக் கோலத்தில் ஒரு பையன், பழைய அம்பாசிடர் ஒன்றின் முகத்திலிருந்து ரோஜாவையும் சாமந்தியையும் இரண்டு கையாலும் பிய்த்துப் பிய்த்து எறிகிறான். பக்கத்தில் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் ஸ்பேனரோடு ஒரு அம்மாள். 'கல்யாணமே வேணாம்னு பூவைப் பிச்சு எறிஞ்ச மாப்ள' என்று கீழே எழுதி, அழுகிற பொம்மை மூன்று போட்டிருந்தார்கள்.

அந்த ஸ்பேனர் அம்மாள் நான்தான்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்கள் ஆறேழு பேர் போன் செய்துவிட்டார்கள். "சிஸ்டர், உங்க மூஞ்சி மாதிரியே இருக்குதே?" என் மூஞ்சி மாதிரி வேறு யார் மூஞ்சி இருக்கும்? ஊர் ஆளாளுக்கு ஒரு கதை கட்டுவதற்குள், நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் வேலூரில் முப்பத்திரண்டு வருஷம் நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆனவள். அந்த முப்பத்திரண்டு வருஷத்தில் நான் அதிகமாகச் சொன்ன வசனம் எது தெரியுமா? 'ஜுரம் அடிக்கிறவருக்குக் கம்பளி போத்தாதீங்க!'

கட்டிலைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் நிற்பார்கள். ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, நோயாளியைத் தலை முதல் கால் வரை போர்த்தி வைத்திருப்பார்கள். உள்ளே அந்த மனுஷன் வெந்துகொண்டிருப்பார். கேட்டால், "குளுருமேன்னு..." என்பார்கள். பாசம்தான், வேறென்ன! நான் போர்வையை உருவி மடித்து வைத்துவிட்டு ஒரு பாட்டம் திட்டுவேன். வார்டில் எனக்குப் 'போர்வை சிஸ்டர்' என்றே பேர்.

ரிட்டையரான கையோடு ஆசைப்பட்டு அந்த அம்பாசிடரை வாங்கினேன். என்னைவிடக் கொஞ்சம் இளையது. காலையில் இருமும். நாலு தெரு தாண்டும் வரை உதறும். பெட்ரோலைக் குடம் குடமாகக் குடிக்கும். நெடுஞ்சாலையில் எவ்வளவு தூரம் போனாலும் டெம்பரேச்சர் முள் அடியிலேயே படுத்துக் கிடக்கும். டவுனுக்குள் பஸ், ஷேர் ஆட்டோ நெரிசலில் சிக்கினால் மட்டும் எழுந்து உட்காரும். முள் அடியில் கிடந்தால் நல்லதுதானே என்பார் என் வீட்டுக்காரர். உடம்பு ஜில்லென்று கிடந்தால் நல்லதா? இன்ஜினுக்கும் ஒரு நார்மல் வேண்டாமா?

காட்பாடி ரோட்டில் சேகர் என்று ஒரு மெக்கானிக். பழைய வண்டிகளுக்கு அவர்தான் கதி. "சேகரு, இதுல தெர்மோஸ்டாட் ஒழுங்கா வேல செய்யுதா?" என்று கேட்டேன்.

"தெர்மோஸ்டாட்டா? அது எப்பவோ கழட்டிப் போட்டாச்சே சிஸ்டர். நம்ம வேலூர் வெயிலுக்கு அது இன்னாத்துக்கு? எந்த வண்டி வந்தாலும் நமக்கு மொத வேல அதக் கழட்டுறதுதான்."

இது சேகரின் பழக்கம் மட்டும் என்று நினைக்காதீர்கள். எனக்குத் தெரிந்து வேலூரிலிருந்து ஆம்பூர் வரை எந்தப் பழைய வண்டி ஷெட்டுக்குப் போனாலும் இதுதான். பிள்ளை பிறந்ததும் மொட்டை அடிப்பதுபோல, வண்டி வந்ததும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுவார்கள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

அந்தச் சாமான் என்ன பெரிய சாமான்? இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் ஒரு சின்னக் கதவு. உள்ளே கொஞ்சம் மெழுகு. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கதவு மூடியிருக்கும், இன்ஜின் சீக்கிரம் சூடேறும். தண்ணீர் போதுமான அளவு சுட்டதும் மெழுகு விரிந்து கதவைத் திறக்கும், தண்ணீர் ரேடியேட்டருக்குப் போய் ஆறி வரும். கதவே இல்லாவிட்டால்? இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வரவே வராது. அதனால்தான் இருமல், உதறல், பெட்ரோல் தாகம் எல்லாம். டவுன் நெரிசலில் சூடேறியதற்குக் காரணம் வேறு. வருஷக்கணக்காகப் போர்வெல் உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றி, ரேடியேட்டருக்குள் உப்பு படிந்து கிடந்தது.

சரி, புதுசு போடலாம் என்றால் எதைப் போடுவது? எழுபத்து நான்கு டிகிரியில் திறப்பது, எண்பத்திரண்டு, எண்பத்தெட்டு என்று மூன்று ரகம். சேகர், "போட்டே தீருவேன்னா எழுபத்து நாலு போடுங்க, சூடு கம்மியா இருக்கும்" என்றார். அங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறோம். அந்த எண் கதவு எப்போது திறக்கும் என்பதைத்தான் சொல்லும். திறந்த பிறகு சூடு எவ்வளவு ஏறும் என்பது ரேடியேட்டரும் ஃபேனும் காற்றும் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை. எண்பத்தெட்டு குளிர் நாட்டுக்காரர்களுக்கு. எழுபத்து நான்கு தப்பில்லை, ஆனால் என் வண்டியின் பழைய புத்தகத்தில் எண்பத்திரண்டு என்றுதான் போட்டிருந்தது. டாக்டர் எழுதியதைத்தான் கொடுப்பேன். நர்ஸ் புத்தி!

ஆர்டர் போட்டு வந்ததை அப்படியே மாட்டவும் மனசு வரவில்லை. வெந்நீரில் போட்டு டெஸ்ட் பண்ண வேண்டும். வீட்டில் இருக்கும் தெர்மாமீட்டரோ மனுஷ ஜுரத்தோடு நின்றுவிடும். அப்போதுதான் பக்கத்து வீட்டு இம்ரான் நினைவுக்கு வந்தான். மேல்விஷாரத்தில் ஒரு டேனரியில் தோலுக்குச் சாயம் ஏற்றும் டிரம்முக்கு இவன்தான் பொறுப்பு. டிரம்மில் ஊற்றும் தண்ணீரின் சூட்டை அளக்க நீளமான கண்ணாடித் தெர்மாமீட்டர் வைத்திருப்பான். கொண்டுவரச் சொன்னேன்.

பால் பாத்திரத்தில் தண்ணீர். நூலில் கட்டித் தொங்கும் தெர்மோஸ்டாட். இம்ரான் தெர்மாமீட்டரைப் பிடிக்க, நான் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து நிற்கிறேன். வீட்டுக்காரர் காபிக்காக எட்டிப் பார்த்தார்.

"இன்னா வேகுது அதுல?"

"காரோட வால்வு."

"உப்பு போட்டியா?"

முதலில் வந்தது போலி. தண்ணீர் தளதளவென்று கொதித்தும் வாயைத் திறக்கவில்லை. திருப்பி அனுப்பிவிட்டு இன்னொன்று வாங்கினேன். அது எண்பத்தொன்று வரை சும்மா இருந்தது. பிறகு மெல்ல, மிக மெல்ல... "ஆன்ட்டி, தொறக்குது! வாயத் தொறக்குது!" என்று இம்ரான் குதித்தான். பல் முளைக்காத குழந்தை கொட்டாவி விட்டதுபோல இருந்தது. எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆவி பட்டதால் என்று அவனிடம் சொன்னேன்.

அன்றே அவன் முடிவு செய்துவிட்டான். "ஆன்ட்டி, எந் நிக்காஹ்வுக்கு இந்த வண்டிதான். நீங்கதான் ஓட்டணும்."

அவன் அம்மா ஷகீலாவும் நானும் ஒரே வார்டில் வேலை பார்த்தவர்கள். கேட்டதும் நேராக என்னிடம் வந்தாள். "இன்னாடி ரெஜினா, வெளையாடுறியா? பொண்ணு வூடு ஆம்பூர்ல. பதினொன்னரைக்கு நிக்காஹ். நிக்காஹ் ஓதி வெக்கிற காஜியாருக்கு அதுக்கப்புறம் வாணியம்பாடில இன்னொரு நிக்காஹ் இருக்குதாம், லேட்டானா எழுந்து போய்டுவாரு. நடுரோட்ல வண்டி நின்னா அவங்க மூஞ்சில எப்டி முழிக்கிறது? எந் தம்பி ஏசி வண்டி ரெடியா வெச்சிருக்கான்!"

"நிக்காதுடி. நின்னா அப்புறம் எம் மூஞ்சியிலயே முழிக்காத" என்றேன். இருபத்தைந்து வருஷ சிநேகிதத்தை ஒரு வால்வை நம்பிப் பணயம் வைத்தேன். திமிர்தான்.

ஆனால் சும்மா சொல்லவில்லை. ரேடியேட்டரைக் கழற்றி உப்பைச் சுரண்டி எடுத்தோம். ஃபேன் பெல்ட்டை இறுக்கினோம். ரேடியேட்டர் மூடி புதுசு. போர் தண்ணீருக்குப் பதில் கூலன்ட். சேகர் முணுமுணுத்துக்கொண்டே எண்பத்திரண்டை மாட்டினார். "பின்னால வருத்தப்படுவீங்க சிஸ்டர்" என்று ஆசீர்வாதம் வேறு. உச்சி வெயிலில் பள்ளிகொண்டா வரை மூன்று முறை போய் வந்தேன். முள் நடுவில் நின்றது நின்றபடி. இருமல் இல்லை, உதறல் இல்லை. போகிற வருகிறவர்களிடமெல்லாம் தெர்மோஸ்டாட் பற்றி வகுப்பெடுக்க ஆரம்பித்தேன்.

நிக்காஹ் அன்று காலை, அலங்காரத்துக்கு ஆள் வந்தார். பானட் மேல் இரண்டு சரம், பக்கத்துக்கு ஒரு கொத்து என்று முடிக்கப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை. நம் பிள்ளை போகிற வண்டி! "முன்னாடி மூளியா தெரியுதுப்பா. ஒரு இன்ச்கூடக் காலி இருக்கக் கூடாது" என்றேன். அவரும் ஒரு பெரிய தெர்மாகோல் அட்டையை வெட்டி, அது நிறையப் பூவைக் குத்தி, ஹெட்லைட்டுக்கு ஹெட்லைட் அகலத்துக்கு அடைத்துக் கட்டினார். அடடா, அம்பாசிடர் மகாராணி மாதிரி இருந்தது!

ஒன்பதரைக்குக் கிளம்பினோம். ஷகீலாவும் மற்றவர்களும் வேனில் முன்னால் போய்விட்டார்கள். என் பக்கத்தில் வீட்டுக்காரர். பின்சீட்டில் ஷெர்வானியில் இம்ரான், முகத்தை மறைத்து மார்பு வரை தொங்கும் மல்லிகைச் சரங்களோடு. செஹ்ரா என்பார்கள் அதை. மாப்பிள்ளையின் கண் தெரிய வேண்டுமானால் சரத்தை விலக்கித்தான் பார்க்க வேண்டும்.

வேலூர் தாண்டி கொஞ்ச தூரத்திலேயே முள் நடுவை விட்டு நகர்ந்தது. பார்க்காத மாதிரி இருந்தேன். இன்னும் நகர்ந்தது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் ரோட்டைப் பார்த்தேன். பள்ளிகொண்டா டோல்கேட் வரிசை கண்ணில் பட்டபோது முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. ஓரம் கட்டி பானட்டைத் திறந்தால், அடுப்பைத் திறந்த அனல்.

சேகருக்குப் போன் போட்டேன். "நான் அன்னிக்கே சொன்னேன்ல! அந்த எழவு தெர்மோஸ்டாட்ட மொதல்ல கழட்டி எறிங்க சிஸ்டர். வண்டி ஆறட்டும், அர மணி நேரத்துல நட்ட கழட்டிடலாம்."

அரை மணியா? மணி பத்தேகால். ஆறி, கழற்றி, மாட்டி... காஜியார் வாணியம்பாடிக்குப் போயே சேர்ந்துவிடுவார். டிக்கியிலிருந்து ஸ்பேனரை எடுத்தேன். பால் பாத்திரத்தில் நானே கண்ணால் பார்த்துச் சோதித்த வால்வு! அதுவா என்னைக் கவிழ்த்துவிட்டது? ஷகீலாவின் முகம் கண்ணுக்குள் வந்தது.

இம்ரான் இறங்கி வந்தான். இரண்டு கையாலும் செஹ்ராவை விலக்கினான். உள்ளே முகம் வேர்த்து, சிவந்து, குளித்தவன்போல இருந்தது.

"ஆன்ட்டி, கண்ணாடிய எறக்கி வெச்சும் காத்து மூஞ்சில படவே இல்ல. இந்தப் பூவுக்குள்ள எனக்கே மூச்சு முட்டுது." பேசிக்கொண்டே காரின் முன்பக்கத்தைப் பார்த்தான். "வண்டிக்கும் மூஞ்சில செஹ்ரா கட்டி வுட்டிருக்கோமே... அது எப்டி ஆன்ட்டி மூச்சு வுடும்?"

எனக்கு அப்படியே உறைத்தது. கதவு ஒழுங்காகத்தான் திறந்திருக்கிறது. தண்ணீரும் ரேடியேட்டருக்குப் போயிருக்கிறது. அங்கே ஆற்றுவதற்குக் காற்றுதான் இல்லை. காற்று வரும் வழி பூராவும் ஒரு இன்ச்கூட விடாமல் தெர்மாகோல்.

"பிச்சு எறிடா!" என்று கத்தினேன்.

மீதிதான் நீங்கள் வீடியோவில் பார்த்தது. பூவோடு சேர்ந்து அட்டையும் பெயர்ந்து வந்தது. இன்ஜினை ஓடவிட்டோம். ஃபேன் இழுத்த இழுப்பில் காற்று உள்ளே பாய்ந்தது. நாங்கள் கண் கொட்டாமல் பார்க்கப் பார்க்க முள் இறங்கியது. பத்தே நிமிஷம், பழைய நடு இடத்துக்கு வந்துவிட்டது. டோல்கேட் தாண்டி அறுபதில் விரட்டினேன். முள் அசையவில்லை.

நாங்கள் பாதி வழி போவதற்குள் வீடியோ ஆம்பூர் போய்ச் சேர்ந்துவிட்டது. ஷகீலா போனில் அழுதாள். "எம் புள்ளைக்கு இன்னாடி ஆச்சு? பொண்ணோட அப்பா போனும் கையுமா வாசல்லயே நின்னுகினு இருக்காரு!" இம்ரானே போனை வாங்கினான். "ம்மா, வண்டிக்கு ஜுரம். பூவ எடுத்ததும் எறங்கிடுச்சி. நான் வந்துகினே இருக்கேன்னு சொல்லு."

நடுவில் சேகரும் கூப்பிட்டார். "இன்னா சிஸ்டர், கழட்டிட்டீங்களா?"

"கழட்டிட்டேன் சேகரு. இப்ப நல்லா ஓடுது."

"பாத்தீங்களா!" என்றார். எதைக் கழற்றினேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இதைப் படித்தால்தான் அவருக்கே தெரியும்.

பதினொன்று இருபதுக்கு மண்டபம் சேர்ந்தோம். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே இறங்கியதும் பெண்ணின் அப்பா ஓடிவந்து கட்டிக்கொண்டார். காஜியார் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது.

பிரியாணி மணம் வீசும் நேரத்தில் ஷகீலா என்னைத் தனியாகப் பிடித்தாள். நடந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இடுப்பில் கை வைத்து, மேலும் கீழும் பார்த்தாள். வார்டில் என் கத்தலைத் தினமும் கேட்டவள் ஆயிற்றே!

"இன்னா போர்வ சிஸ்டர்... ஒரு இன்ச்கூடக் காலி இல்லாம மூடச் சொன்னது யாரு?"

பாசம்தான், வேறென்ன!