ரெண்டாவது வந்துச்சா?

மழைநீர் வடிகால் துறையின் கட்டுப்பாட்டு அறையில் எல்லாரும் அவனை "ரெண்டாவது" என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை வைத்தது அக்கா புருஷன். அவர் அதே துறையில் மேஸ்திரி. ஆட்களோடு மழைநீர்ச் சுரங்கத்துக்குள் இறங்கி விரிசல் அடைப்பவர். மச்சினன் மேலே திரைக்கு முன்னால், மாமா கீழே சேற்றில்.

சுரங்கத்து மதகுகள் பேட்டரியில் ஓடுபவை. ஓயாமல் விழித்திருந்தால் பேட்டரி ஒரு மாதம்கூடத் தாங்காது. அதனால் பெரும்பாலும் தூங்கும். அவ்வப்போது கண் விழித்து, விளக்குக் கம்பத்தில் மாட்டியிருக்கும் சாம்பல் நிறப் பெட்டியிடம் தனக்கு ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்கும். ஆட்கள் இறங்குமுன் தண்ணீரை நிறுத்த அவன் "மூடு" என்று அனுப்பினால், மதகின் சார்பில் பெட்டிதான் அதை வாங்கி வைத்துக்கொள்ளும். உடனே திரையில் "பெற்றேன்" என்று வரும். அது பெட்டியின் பேச்சு. மதகு விழித்து, செய்தியை வாங்கி, மூடி முடித்த பிறகே பெட்டி வழியாக "மூடியாயிற்று" வரும். அந்த ரெண்டாவது வராமல் அவன் யாரையும் இறங்கவிட்டதில்லை.

"என்ன மாப்ள, மதகு இன்னும் பல்லு வெளக்குதா?" என்பார் மாமா போனில்.

"இருங்க மாமா. ரெண்டாவது வரல."

"உங்கக்கா மாதிரியே. கூப்பிட்டா 'வரேன்'னு சத்தம் மட்டும் வரும், ஆளு வராது."

பதினோரு வருஷம் இப்படியே போயிற்று. அந்த வருஷங்களில் மதகு இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை விழிக்கும். பிறகு பேட்டரியை மிச்சம் பிடிக்க அதைப் பத்து நிமிடமாக மாற்றினார்கள். சுற்றறிக்கையைப் படித்துக் கையெழுத்துப் போட்டவர்களில் அவனும் ஒருவன்.

அதற்கு ஒன்பதாம் நாள் மதியம், "பெற்றேன்" வந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு பம்ப் நின்றுபோயிற்று என்று பக்கத்து மேசைக்காரர் பதற, அவன் அந்தப் பக்கம் திரும்பினான். மாமா போனில் கேட்டார்:

"மாப்ள, ரெண்டாவது வந்துச்சா?"

மூன்று நிமிடம் ஆகியிருந்தது. மூன்று நிமிடத்தில் எப்போதும் வந்துவிடும். திரையைப் பார்க்காமலே சொன்னான்.

"வந்துருச்சு மாமா. எறங்குங்க."

ஏரிப் பக்கம் பெய்த மழை, மூடாத மதகு வழியாகத் திரண்டு வந்தது. பின்னால் இறங்கிய இரண்டு பேர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள். முதலில் இறங்கியிருந்த மாமாவுக்கு ஏணி எட்டவில்லை. ஆறு நிமிடம் கழித்துத் திரையில் பச்சை எழுத்தில் "மூடியாயிற்று" என்று வந்தது. பெட்டி தன் வேலையைப் பிசகாமல் செய்திருந்தது.

விசாரணையில் போன் வந்த நேரம் இருந்தது, பேசியது இல்லை; தப்பிய இருவரும் அதைக் கேட்டிருக்கவில்லை. என்ன சொன்னாய் என்று கேட்டார்கள். "ஞாபகம் இல்ல சார்" என்றான்.

அன்றிலிருந்து தினமும் மாலை அக்கா வீட்டில்தான் இருந்தான். அக்கா மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்தான், ஒழுகும் குழாயை மாற்றினான். மாமா கடைசியாக என்ன பேசினார் என்று அக்கா கேட்கும்போதெல்லாம், "வழக்கம்போல கேலிதான்" என்பான். அவள் லேசாகச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் குழாயடிக்குப் போய்விடுவான்.

பத்தாம் மாதம் அறிக்கை வந்தது. அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, காகிதத்தை அவனிடம் நீட்டினாள்.

"பாருடா. உத்தரவுக்குக் காத்திருக்காம அவரே எறங்கிட்டாராம். பாப்பாகிட்ட ஸ்கூல்ல யாரோ கேட்டிருக்காங்க, உங்கப்பா அவசரக்காரரான்னு. அவரா அவசரக்காரரு? சட்டைப் பொத்தானையே ரெண்டு தடவ இழுத்துப் பாக்குற மனுஷன்."

அவன் அந்த வரியை வாசித்தான். மறுபடியும் வாசித்தான்.

"அவரு கேட்டாருக்கா."

"என்ன கேட்டாரு?"

"ரெண்டாவது வந்துச்சான்னு கேட்டாரு. நான்தான் வந்துருச்சுன்னு சொன்னேன்."

"ம்."

"வரல. நான் திரையப் பாக்கல."

"ம்."

"பத்து நிமிஷம்னு எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டிருக்கேன். நாளைக்கே போய் எழுதிக் குடுத்துடறேன். வேல போனா போகட்டும்."

"ம்."

அவள் இஸ்திரிப் பெட்டியை எடுத்து, மகளின் சீருடைக் காலரை மெதுவாகத் தேய்த்தாள். ஒரு காலர் முடிந்து அடுத்த சட்டையை விரித்தாள். உள்ளறையில் பாப்பா வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் காதில் விழுந்துவிட்டது, அவ்வளவுதான்; ரெண்டாவது இன்னும் வரவில்லை. எழுந்து போய்விடலாம் என்று கால் துடித்தது. அவன் போகவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான்.