தெய்வநாயகியின் சத்து சாக்லேட்

தெய்வநாயகி வாய் திறந்து பேசிக் கேட்டவர்கள் அந்தத் தெருவில் குறைவு. குழாயடியில் அவள் முறையை யாராவது தட்டிப் பறித்தால்கூட குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்பாள். கண் மட்டும் ஓயாது. யார் வீட்டுத் தறி இன்று ஓடவில்லை, யார் மகள் அழுத முகத்தோடு தண்ணீருக்கு வந்திருக்கிறாள், எல்லாம் அவளுக்குத் தெரியும். கேட்டால் சொல்ல மாட்டாள். அவளை யாரும் கேட்டதும் இல்லை.

பிறந்தது சந்தவாசலில். ஏழாம் வகுப்பில் ஒரு நாள் வாத்தியார் எழுப்பிவிட்டுப் பாடத்தைப் படிக்கச் சொன்னார். தெரிந்த பாடம்தான். ஆனால் வாய் வரவில்லை. "ஊமையா நீ?" என்றார் வாத்தியார். வகுப்பே சிரித்தது. மறுநாள் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டாள். அதற்கு மறுநாளும். போ என்று வீட்டில் யாரும் வற்புறுத்தவில்லை. படிப்பு அதோடு நின்றது.

ஆரணிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை சுப்பராயலு பட்டு நெய்கிறவர். அவள் பேசாததையும் சேர்த்து அவரே பேசுவார். தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் கையும் காலும் ஒரு பக்கம் ஓடும், வாய் ஒரு பக்கம் ஓடும். வாய் ஓயும் நேரத்தில் அதில் மிட்டாய் இருக்கும். பீடியை விட்ட நாளிலிருந்து கன்னத்தில் ஒரு கமர்கட்டை அடக்கிக்கொண்டு நெய்வது அவர் வழக்கம். சாப்பாட்டைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வைத்ததைச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுப் போவார். கல்யாணமான நாளாக அப்படித்தான்.

அவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் மகள் ஜெயப்ரியா ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியிலிருந்து லீவு போட்டு வந்தாள். போகும்போது தன் பழைய செல்போனை அம்மாவிடம் கொடுத்தாள். "டைப் அடிக்கத் தெரியலன்னா பரவால்லம்மா. இந்த மைக்க அமுக்கிட்டு வாயால சொல்லு, அதுவே காட்டும்."

தெய்வநாயகி சமையலறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, போனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி "சக்கரைக்குச் சமையல்" என்றாள். போன் ஒன்றும் காட்டவில்லை. வெளியிலிருந்து ஜெயப்ரியா சிரித்தாள். "ரகசியம் பேசுனா அதுக்கு எப்டிம்மா கேக்கும்? கொஞ்சம் கத்து!"

அப்படித்தான் அந்த வீட்டுக்குள் ஒரு பெண் வந்தாள். போனில் சமையல் சொல்லிக்கொடுக்கும் அந்தப் பெண்ணின் பேர்கூட தெய்வநாயகிக்கு மனதில் நிற்கவில்லை. ஆனால் அவள் திட்டவில்லை. எழுந்து நின்று சொல் என்று கேட்கவில்லை. புரியாத இடத்தில் நிறுத்தினால் நின்றாள், திருப்பிச் சொல் என்றால் முகம் சுளிக்காமல் திருப்பிச் சொன்னாள். இப்படி ஒரு வாத்தியார் ஏழாம் வகுப்பில் கிடைத்திருந்தால் என்று தெய்வநாயகி நினைத்துக்கொள்வாள்.

அரிசிச் சோறு குறைந்து தினையும் வரகும் வந்தன. முருங்கைக்கீரை வந்தது. கீரை வேகவைத்த தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், சத்தெல்லாம் அதில்தான் இருக்கிறது என்று போன்காரி சொன்னதால் அந்தத் தண்ணீரிலும் மிளகு தட்டிப் போட்டு ரசமாக்கினாள்.

"இன்னாடி இது?" என்றார் சுப்பராயலு. "குருவிக்குப் போடறத எனக்குப் போட்டுகினு இருக்க. நாளைக்குக் கீச்சுகீச்சுன்னு கத்தப் போறேன் பாரு."

ஆனால் அடுத்த முறை ரத்தம் பார்த்தபோது சர்க்கரை இறங்கியிருந்தது. அதற்குப் பிறகு அவர் குருவி என்று சொல்லவில்லை.

மிட்டாய் இல்லாத வாய்தான் அவரைப் படுத்தியது. வெறும் வாயை மென்றுகொண்டு நெய்வதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் போனிடம் கேட்டாள். வெள்ளைச் சர்க்கரை போடாத சத்து சாக்லேட் என்று காட்டியது. பேரீச்சம்பழத்தைக் கொட்டை எடுத்து அரைத்தாள். வேர்க்கடலையும் பாதாமும் வறுத்துப் பொடித்தாள். கேழ்வரகு மாவை வாசம் வர வறுத்து, கோகோ பொடியோடும் தேங்காய் எண்ணெயோடும் சேர்த்துப் பிசைந்து, ஐஸ்கட்டி வைக்கிற தட்டில் அழுத்தி ஃப்ரிட்ஜில் வைத்தாள்.

தறியில் இருந்தவரிடம் ஒன்றைக் கொண்டுபோய் நீட்டினாள். வாயில் போட்டார். குறுக்கு நூலை ஓட்டும் நாடா நின்றது.

"கடையில வாங்குனதா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"நீயா செஞ்ச?" அவர் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "இத்தன வருஷமா இந்தக் கைய எங்கடி ஒளிச்சு வெச்சிருந்த?"

அன்று முழுக்க அவள் அந்தக் கையால் எதைத் தொட்டாலும் அது வேறு யாருடையதோ போல இருந்தது.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. சேலைக்கான நீள நூலைப் பாவு என்பார்கள். தறியில் ஏற்றும் முன்பு காலையில் தெருவின் நீளத்துக்கு அதை நீட்டிப் பிடித்து, சிக்கெடுத்து, இழை அறுந்த இடத்தில் முடிச்சுப் போடுவார்கள். அக்கம்பக்கத்தார் எல்லாரும் வந்து கை கொடுப்பார்கள். பாவுக்காரர் வீட்டில் அவர்களுக்கு வாய் இனிக்க ஏதாவது கொடுக்க வேண்டும். பொட்டுக்கடலையும் வெல்லமும்தான் எப்போதும். சுப்பராயலு பாவு நீட்டிய அன்று தெய்வநாயகி தன் சாக்லேட்டைக் கொடுத்தாள். அதோடு தெருவுக்கே அவளைத் தெரிந்தது. பக்கத்து வீட்டு லீலா உள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டாள். "எப்டிக்கா செய்யறது? எங்க மாமனாருக்கும் சக்கரைதான். மிட்டாய்க்குப் பச்சப்புள்ள மாதிரி அடம் புடிக்கறாரு." தெய்வநாயகி வாயால் சொல்லவில்லை. செய்து காட்டினாள். லீலா பார்த்துக் கற்றுக்கொண்டாள்.

மழைக்காலத்தில் சுப்பராயலுவின் கால் வீங்கியது.

அந்த ஊரில் அது செய்தியே இல்லை. நாள் முழுக்கக் குழியில் காலைத் தொங்கவிட்டு மிதிக்கிறவர்களுக்குச் சாயங்காலமானால் பாதம் கொஞ்சம் உப்பும். தறிக்குழி வீக்கம் என்பார்கள். மழையில் குழி ஈரம் கசிந்தால் இன்னும் கூடும். வெந்நீரில் உப்பைப் போட்டுக் காலை வைத்தால் காலையில் வடிந்துவிடும். அதற்காக டாக்டரிடம் போகிறவனைத் தெருவே கேலி செய்யும்.

ஆனால் இது காலையில் வடியவில்லை. செருப்பு வார் அழுந்திய பள்ளம் மறுநாள் காலை காப்பி குடிக்கும் நேரத்திலும் அவர் பாதத்தில் அப்படியே இருந்ததைத் தெய்வநாயகி பார்த்தாள். அவர் கண்ணுக்குக் கீழே பை மாதிரி வீங்கியிருந்ததையும் பார்த்தாள். லீலாவிடம் சொல்லியிருக்கலாம். ஜெயப்ரியாவிடம் சொல்லியிருக்கலாம். சர்க்கரை பார்க்கிற டாக்டரிடம், ஐயா இவர் காலைப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அங்கே போனபோது அவள் சுவரோரமாக நின்றாள். டாக்டர் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனிடம் சொன்னாள்.

வாழைத்தண்டுச் சாறு, இளநீர், கீரை என்று போன் காட்டியது. கெட்ட நீரையெல்லாம் வெளியே தள்ளிவிடுமாம். தினமும் கொடுத்தாள். அவருக்குப் பசி குறைந்துபோனது. சோற்றைப் பார்த்தாலே குமட்டல் என்றார். சாக்லேட்டை மட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதையாவது சாப்பிடட்டும் என்று ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்தாள்.

ஒரு நாள் மத்தியானம் தறிச் சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தாள். நாடாக் கயிற்றைப் பிடித்தபடி அவர் உட்கார்ந்திருந்தார். "நாயகி, கால தூக்க முடியலடி. கையும் தூக்க வரல. நெஞ்சு என்னமோ தப்பித் தப்பி அடிக்குது" என்றார். லீலாவின் புருஷன்தான் குழியிலிருந்து அவரைத் தூக்கி வெளியே கிடத்தினான்.

வேலூர் ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டார். வயதில் சின்ன டாக்டரம்மா ஒருத்தி கட்டிலருகே நின்று கேட்டாள்: "கால் எப்பலேர்ந்து வீங்குது?"

"அது தறிக்குழி வீக்கம்மா. எங்க ஊர்ல எல்லாருக்கும் இருக்கும். நோவுல சேத்தி இல்ல."

"சாப்பாடு?"

அவர் முகம் மலர்ந்தது. "அதுல ஒரு கொறையும் இல்லம்மா. எங்க வீட்டம்மா மாதிரி பாத்துக்க ஆளு கெடையாது. காலைல வாழத்தண்டு, அப்பால எளநீ, கீரை இல்லாத நாளே இல்ல. சாக்லேட்கூட இவளே செய்வா. கடைச் சரக்கு இல்ல. பேரீச்சம்பழம், பாதாம், கோகோ, எல்லாம் சத்து! கேட்டுப் பாருங்க எங்க தெருவுல."

எழுதிக்கொண்டிருந்த டாக்டரம்மாவின் கை நின்றது. நிமிர்ந்து தெய்வநாயகியைப் பார்த்தாள். பிறகு வெளியே அழைத்துக்கொண்டு போனாள்.

"அம்மா, உங்க மேல குத்தம் சொல்லலை. சர்க்கரையாலயும் பிரஷராலயும் அவர் கிட்னி ரொம்ப நாளாவே கெட்டுகிட்டு வந்திருக்கு. அது எப்படியும் இங்கதான் வந்து நின்னிருக்கும். ஆனா நீங்க குடுத்ததெல்லாம் நல்ல கிட்னிக்குத்தான் சத்து. கெட்டுப்போன கிட்னியால அதுல இருக்கிற பொட்டாசியத்த வெளிய தள்ள முடியாது. ரத்தத்துல ஏறி இதயத்தையே நிறுத்தப் பாத்திருக்கு. கால் வீங்கினப்பவே வந்திருந்தா டயாலிசிஸ கொஞ்ச காலம் தள்ளிப் போட்டிருக்கலாம்."

சொன்னதில் பாதி ஆறுதல்தான். அந்தப் பாதி தெய்வநாயகியின் காதில் ஏறவில்லை.

உள்ளே வந்ததும் அவர் கேட்டார்: "இன்னா சொன்னாங்க?"

"உப்பு கொறைக்கச் சொன்னாங்க" என்றாள்.

அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு முறை வேலூர் பஸ், மெஷின், திரும்பி வந்ததும் துவண்டு படுப்பது. பாதி நெய்த சேலை தறியிலேயே துணி போர்த்திக் கிடந்தது. காயைப் பொடியாக நறுக்கி, ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேகவைத்து, அதையும் வடித்துக் கொட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். தினமும் சாக்கடையில் போகிற அந்தத் தண்ணீரை அவள் நின்று பார்ப்பாள். சத்தெல்லாம் அதில்தான் இருக்கிறது என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னது ஞாபகம் வரும். வடித்த காய் வாயில் பஞ்சு மாதிரி இருக்கும். அவர் மென்று விழுங்குவார்.

"ஒரே ஒரு சாக்லேட் குடேன்டி" என்று ஒருமுறை கேட்டார். பேரீச்சம்பழம் நல்லதாகக் கிடைக்கவில்லை என்றாள். "சரி வுடு" என்றார். அப்புறம் கேட்கவில்லை. அவர் ஏன் அப்புறம் கேட்கவில்லை என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை. தன் கையைப் பற்றி அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் அவளிடம் மிச்சம் இருந்தது. உண்மையைச் சொன்னால் அதுவும் போய்விடும் என்பது ஒன்றே அவளுக்குத் தெரிந்தது.

பங்குனியில் லீலா வீட்டுப் பாவு. வெயில் ஏறும் முன்பே தெருவில் நூல் நீண்டுவிட்டது. தெய்வநாயகியும் போய் வரிசையில் நின்று இழை பிடித்தாள். சுப்பராயலு தன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாரையும் வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார். லீலா எவர்சில்வர் டப்பாவில் சாக்லேட்டோடு வந்தாள்.

"உங்க வூட்டு வித்தைதாண்ணா" என்றாள் அவரிடம். "ஆனா உங்களுக்குக் கெடையாது. நீங்க பேஷன்ட்டு."

"போடி இவளே. அசலுக்கு முன்னால நகல் நிக்குமா?"

எல்லாரும் சிரித்தார்கள். லீலா டப்பாவைத் தன் மாமனார் இராஜமாணிக்கத்திடம் நீட்டினாள். அவர் படியில் உட்கார்ந்திருந்தார். தெய்வநாயகியின் பார்வை எப்போதும் போல முகத்துக்குப் போகாமல் காலுக்குப் போனது. காலை நேரம். அவர் இன்னும் தறியில் உட்காரவே இல்லை. செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது.

"குடுக்காத லீலா."

யாருக்கும் கேட்கவில்லை.

"குடுக்காத!"

இந்த முறை தெரு முழுக்கக் கேட்டது. நூல் பிடித்திருந்த எல்லாரும் திரும்பினார்கள். லீலா முதலில் சிரித்தாள். "ஏன்கா? உன் கைப்பக்குவம் வேற யாருக்கும் வந்துடக் கூடாதா?"

"அவரு கால பாரு. பொழுது விடிஞ்சும் வடியல. இவருக்கும் இப்பிடித்தான் இருந்துச்சு."  கையில் இருந்த இழையை விட முடியாது, விட்டால் சிக்கு விழும். முகத்தை மூடிக்கொள்ளக்கூட வழியில்லாமல் நின்று சொன்னாள்: "நான்தான் குடுத்தேன். எளநீ, தண்டு, இது எல்லாம். அதான் ரத்தத்துல ஏறி நெஞ்ச அடைச்சுது. டாக்டரம்மா எங்கிட்ட சொன்னாங்க. ஜல்தியா இட்டுகினு போயி கிட்னி டெஸ்ட் எடுங்க."

 இராஜமாணிக்கம்தான் பேசினார். "அட போம்மா. இது தறிக்குழி வீக்கம். நான் பொறந்ததுலேர்ந்து பாக்கறேன்" என்று டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.  லீலா அடுத்தவரிடம் நீட்டாமல் டப்பாவை மூடினாள். அவள் பார்வை தெய்வநாயகியின் கையில் நின்றது.

யாரோ வந்து இழையை வாங்கிக்கொண்டார்கள். திரும்பிப் பார்த்தாள். வாசல் நாற்காலி காலியாக இருந்தது.

உள்ளே அவர் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். போர்த்திய துணியை எடுக்கவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றார், அவளைப் பார்க்காமல். "அந்தம்மா பேனா நின்னப்பவே தெரியும். நான்தான பெருமையா வாசிச்சேன் எல்லாத்தையும்."

அவள் சுவரோரமாக நின்றாள்.

"தெரிஞ்சுதான் கம்முனு இருந்தேன். நீயும் கம்முனு இருந்த. அப்பிடியே போயிருக்கும்டி. இனிமே நீ ஒரு சொம்புத் தண்ணி குடுத்தாலும் இந்தத் தெருவுல வாங்கிக் குடிக்க மாட்டானுங்க." சற்றுக் கழித்து, "அந்தாளு துன்னுட்டானா?" என்றார்.

தலையாட்டினாள்.

"அப்ப எதுக்குடி சொன்ன?"

அவள் சமையலறைக்குப் போனாள். அடுப்பில் வைத்துவிட்டுப் போன புடலங்காய் வெந்திருந்தது. தண்ணீரை வடித்துச் சாக்கடையில் ஊற்றினாள். தட்டில் வைத்துக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். வெளியே லீலா வீட்டில் யாரோ பொட்டுக்கடலையும் வெல்லமும் கொண்டுவரச் சொல்வது கேட்டது. சுப்பராயலு தட்டை எடுக்கவில்லை, தள்ளவும் இல்லை. அது ஆறிக்கொண்டிருப்பதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.