முத்திரை இருந்த பக்கம்

அன்பரசிக்கு மைக் புதிதல்ல. விருத்தாசலத்துப் பட்டறையில் பீங்கான் பொம்மைகளுக்குக் கண்ணும் புருவமும் எழுதுவது அவள் பிழைப்பு. திருவிழா வந்தால், திருமால் அண்ணன் நடத்தும் பாட்டுக் குழுவில் பாடகி. ஸ்ரீமுஷ்ணத்தில் அவள் பாடினால் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு நின்று கேட்கிறவர்கள் உண்டு. கழுத்தில் கட்டி வந்து ஆபரேஷன் ஆனதோடு எல்லாம் நின்றது. பேச்சு திரும்பிவிட்டது. பாட்டு திரும்புமா என்றால், "பாடிப் பாத்தாதாம்மா தெரியும்" என்றுவிட்டார் டாக்டர்.

நாலு பேர் எதிரில் பாடிப் பார்த்து மூக்குடைபட அவள் தயாரில்லை. வீட்டிலேயே பதிவு செய்து தன் காதால் கேட்பது. தேறினால் மாசி மகத்துக்கு மேடை, தேறாவிட்டால் பாட்டுக்கே ஒரு கும்பிடு. இந்த முடிவோடுதான் புருஷன் பழமலையைக் கூட்டிக்கொண்டு ஃபாயிஸ் கடைக்கு மைக் வாங்கப் போனாள். பழமலை அதே பட்டறையில் அச்சு வார்க்கிறவன். மேடையில் அவளுக்கு டோலக் வாசிப்பவனும் அவன்தான்.

ஃபாயிஸ் மூன்றை எடுத்து வைத்தான்.

"இது மேடையில கையில புடிக்கிறது. மெதுவா பாடுனா நுணுக்கமெல்லாம் அவ்ளோவா வாங்காது. அந்தப் பெருசுக்குத் தனியா ஒரு பெட்டி வேற வாங்கணும், வாணாங்க்கா. இத எடுத்துக்கங்க. ஒயர நேரா கம்ப்யூட்டர்ல சொருவிடலாம். பாட்டு, டோலக்கு ரெண்டுக்கும் ஆவும், வெலையும் கட்டுப்படியாவும். நிக்க வெச்சு முன்பக்கமா ஒக்காந்து பாடுங்க. பின்னாடி சத்தத்த அது கண்டுக்காது."

எல்லாம் தெரிந்தவர்கள்போல் இருவரும் தலையாட்டினார்கள்.

மைக்கின் ஒரு பக்கத்தில் கம்பெனி முத்திரை இருந்தது. பட்டறையில் முத்திரை என்றால் பொம்மையின் முதுகில் குத்துவது. முகத்தில் குத்தினால் முதலாளி தோலை உரித்துவிடுவார். ஆகவே வீட்டுக்கு வந்ததும், ரொம்பத் தெளிவாக, மைக்கை மேசைமேல் நிறுத்தி முத்திரையைச் சமையல்கட்டுப் பக்கம் திருப்பிவிட்டு, இந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள்.

அன்பரசி பாடினாள். போட்டுக் கேட்டால், கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுவதுபோல் இருந்தது. மறுபடி பாடினாள். அதே முனகல்.

"போச்சுங்க. அவ்ளோதான் எங்கொரலு. இதக் கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்துடுங்க" என்றவள் டீ போடுகிற சாக்கில் உள்ளே போய் அழுதாள்.

பழமலைக்குத் தேற்றத் தெரியாது. டோலக்கை எடுத்துவைத்துப் பதிவுப் பொத்தானை அமுக்கிவிட்டுத் தட்டிக்கொண்டிருந்தான். அவள் சமையல்கட்டிலிருந்து வந்து மேசையின் அந்தப் பக்கம் டம்ளரை வைத்து, "ஆறிடப் போவுது, குடிங்க" என்றாள்.

போட்டுக் கேட்டான். டோலக் எங்கோ அடுத்த தெருவில் கேட்டது. நடுவில் "ஆறிடப் போவுது, குடிங்க" என்று காதோடு வந்து சொன்னது அவள் குரல், கணீரென்று.

இருவரும் மைக்கைப் பார்த்தார்கள். அன்பரசி அதைத் திருப்பினாள்.

"அடப்பாவி, மூஞ்சியிலயா குத்தி வெச்சிருக்கான்!"

மறுபடி பாடினாள். உச்சியில் லேசாகக் கரகரத்தது. மற்றபடி அவள் குரல், அவளுடையதேதான்.

உடனே திருமாலுக்குப் போன் போட்டாள். "அண்ணே, மாசி மகத்துக்கு எம்பேரப் போட்டுடுங்க."

"கொரலு எப்பிடிம்மா இருக்குது?"

அவள் போனை மேசைமேல் வைத்துவிட்டுப் பாடத் தொடங்கினாள்.