சும்மா தொங்கிய ஒயர்

நான்கு வருடங்களுக்கு முன்பு, தீபாவளிக்கு இரண்டே நாள் இருந்தபோது நடந்தது இது. தஞ்சாவூரில் சின்னதாக ஒரு டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கும் ஆய்வேடு என்று தமிழில் தட்டச்சு செய்யவேண்டியது எதுவானாலும் வரும். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கொஞ்சம் வாய்த்துடுக்கு. இவ்வளவுதான் என் மூலதனம்.

அந்த வாய்த்துடுக்கை வாசலில் போர்டாகவே மாட்டியிருந்தேன். ‘வைரஸ் பென்டிரைவைக் கொண்டுவந்து எங்கள் உயிரை வாங்காதீர்கள்.’ வைரஸ் என்றால் அது அடுத்தவர் பென்டிரைவில்தான் வரும் என்பது அன்றுவரை என் அசைக்க முடியாத நம்பிக்கை.

அப்போது கூத்தாநல்லூரிலிருந்து ஒரு பள்ளிக்கூட டீச்சர் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வந்துகொண்டிருந்தார். நம் பக்கத்து வாய்க்கால்களின் பெயர்களைப் பற்றி ஆராய்ச்சி. ஒரு கிளை வாய்க்காலின் பழைய பெயரைத் தெரிந்துகொள்ள மூன்று ஊர் நடந்திருக்கிறார். இரண்டு வருடமாக அவர் எழுதித் தர, நான் அடித்துத் தர, என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து திருத்துவார். நோன்பு நாட்களில்கூட ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் சாயங்காலம்வரை உட்கார்ந்திருப்பார். முந்நூறு பக்கம் முடிந்துவிட்டது. அந்த மாதக் கடைசிக்குள் சமர்ப்பித்தாக வேண்டும். அதைத் தவறவிட்டால் முனைவர் பட்டப் பதிவே ரத்தாகிவிடும்.

அன்று காலை ஒருவர் கார்த்திகை மாதக் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தார். மூத்த பெண்ணின் பத்திரிகையையே பெயரை மாற்றிப் போட்டால் போதுமாம். பழைய ஃபைலைத் திறந்தால், ‘நிகழும் மங்களகரமான’ என்று இருக்கவேண்டிய இடத்தில் கோழி கிளறிய மாதிரி கோடும் புள்ளியும். ஏதோ ஒரு காலத்துத் தமிழ் ஃபான்ட், என்னிடம் இல்லாதது. எங்கள் தொழிலில் இது தினசரித் தலைவலி. நெட்டில் தேடினேன். ‘எல்லாத் தமிழ் ஃபான்ட்டும் இலவசம்’ என்று ஒரு தளம். இறக்கினேன். ஆன்டிவைரஸ் வேண்டாம் என்று கத்தியது. இன்ஸ்டால் செய்யும்போது ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள் என்று அந்தத் தளமே சொல்லியிருந்தது. அணைத்தேன். ஊருக்கு உபதேசம் செய்கிறவள், நானே திருடனுக்குக் கதவைத் திறந்து உட்காரச் சொன்னேன்.

மதியத்துக்குள் ஒவ்வொரு ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் புரியாத நாலு எழுத்து ஒட்டிக்கொண்டது. எதுவும் திறக்கவில்லை. இரண்டு கம்ப்யூட்டரையும் கேபிளால் இணைத்திருந்தேன், அதனால் இரண்டாவதும் போயிற்று. திரையில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு: உங்கள் ஃபைல்களைப் பூட்டிவிட்டோம், பணம் கட்டினால் சாவி தருவோம்.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல இன்றும் கூச்சமாக இருக்கிறது. டீச்சர் போன வாரம் ஆய்வேட்டை நகலெடுக்கக் கொடுத்த பென்டிரைவ் கம்ப்யூட்டரில் செருகியபடியே இருந்தது. அது கண்ணில் பட்டதும், யோசிக்காமல் அவருக்கு போன் போட்டேன்.

“டீச்சர், உங்க ஆய்வேடு மொத்தமும் போச்சு. உங்க பென்டிரைவ்லேர்ந்துதான் வைரஸ் வந்திருக்கு.”

“என்னால உங்க கடை வேலையும் போச்சாக்கா?” என்று கேட்டார். முந்நூறு பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் ஆமாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவர் வந்தார். முதல் வேலையாக நெட் கேபிளையும் இரண்டு கம்ப்யூட்டரை இணைத்த கேபிளையும் பிடுங்கினார். பிறகு கடைசியாக என்ன இறக்கினேன் என்று தேடிப் பார்த்துவிட்டு, நிதானமாகத் திரும்பினார்.

“அக்கா, இந்த ஃபான்ட் நீங்க போட்டதா?”

“ஆமா.”

“ஃபான்ட்டுங்கறது வெறும் எழுத்துக்கா. அதப் போடறதுக்கு ஆன்டிவைரஸ அணைக்கச் சொன்னா அங்கயே சந்தேகப்பட்டிருக்கணும். இது ஃபான்ட்டே இல்ல, புரோகிராம். இதுலேர்ந்துதான் வந்திருக்கு.”

“அப்ப அந்தப் பென்டிரைவ்?”

“அது பாவம், செருகியிருந்ததால அதுவும் சேந்து மாட்டிக்கிச்சு.”

எனக்கு முகம் செத்துவிட்டது. பணம் கட்டினால் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டேன். கட்டினாலும் சாவி வரும் என்பது நிச்சயமில்லை, கட்டாதீர்கள் என்றார். பேசிக்கொண்டே மேசைக்குப் பின்னால் குனிந்தவர், ஒரு ஒயரைத் தூக்கிக் காட்டினார்.

“இது சும்மா தொங்குதே, இதுல என்ன மாட்டியிருந்தீங்க?”

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். எல்லா வேலைக்கும் நகல் அதில்தான் இருக்கும், வருடம் முழுக்கக் கம்ப்யூட்டரிலேயே மாட்டிக்கிடக்கும். இப்போது எங்கே? சட்டென்று நினைவு வந்தது. சரஸ்வதி பூஜைக்கு எல்லோரும் புத்தகம் வைப்பார்கள். என் பிழைப்பு முழுவதும் டிஸ்க்கில் இருக்கிறதே என்று, முதல் நாள் எல்லாவற்றையும் அதில் நகலெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய், சந்தனமும் குங்குமமும் வைத்துப் பூஜையில் வைத்திருந்தேன். விஜயதசமியன்று புத்தகங்களை எடுத்தவள் அதை மறந்துவிட்டேன்.

“இங்க மாட்டியிருந்தா இதுவும் போயிருக்கும்க்கா. எடுத்துக்கிட்டு நேரா என் கடைக்கு வாங்க. இந்த மெஷின்ல மட்டும் செருகிடாதீங்க.”

மழையில் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடினேன். சரஸ்வதி படத்துக்குப் பின்னால், பட்டுத் துணிக்குள், காய்ந்த சந்தனத்தோடு அது பத்திரமாக இருந்தது. அவர் கடைக் கம்ப்யூட்டரில் ஆய்வேடு திறந்தது. முதல் வாய்க்காலிலிருந்து கடைசி வாய்க்கால்வரை எல்லாம் இருந்தன. போனது பூஜைக்குப் பிந்தைய மூன்று வாரத் திருத்தங்கள் மட்டும். டீச்சர் சிவப்பு மையில் திருத்திய தாள்கள் என் மேசையிலேயே இருந்தன. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

டீச்சருக்கு போன் செய்யும்போது ஒரு சபலம் வந்தது. கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னால் போதுமே. மற்றதை யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் அவர் போனை எடுத்ததுமே, “அக்கா, மன்னிச்சிடுங்க. உங்க மெஷின சரிபண்ற செலவ நான் தந்துடறேன்” என்றார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

“டீச்சர், நீங்கதான் என்ன மன்னிக்கணும். வைரஸ் உங்ககிட்டேர்ந்து வரல. நான் போட்ட ஃபான்ட்லேர்ந்து வந்துச்சு. விசாரிக்காம உங்க தலையில போட்டுட்டேன். உங்க ஆய்வேடு இருக்கு, பத்திரமா இருக்கு.”

நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. “ராத்திரியெல்லாம் தூங்கலக்கா. என் ஆய்வேடு போனாக்கூடப் பரவால்ல, உங்க பொழப்பக் கெடுத்துட்டமேன்னுதான். இப்பத்தான் மூச்சே வருது.”

தீபாவளிக்கு மறுநாளே வந்துவிட்டார். பழைய ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரு வாரத்தில் திருத்தங்களை அடித்து முடித்தோம். பூஜையில் டிஸ்க் இருந்த கதையைக் கேட்டுச் சிரித்து, “அடுத்த வருஷமும் வைங்க. சுண்டலுக்குக் கடலை நான் கொண்டாறேன்” என்றார். சொன்னபடி கொண்டுவரவும் செய்தார். இப்போது அவர் முனைவர்.

வாசல் போர்டை, உண்மை தெரிந்த அன்றே கழற்றிவிட்டேன். இப்போது அப்டேட்டைத் தள்ளிப்போடுவதில்லை, கண்ட இடத்தில் ஃபான்ட் இறக்குவதில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹார்ட் டிஸ்க்கை மாட்டி நகலெடுத்ததும் கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போய்விடுகிறேன், ஒயர் மட்டும் மேசைக்குப் பின்னால் தொங்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும்: என் மறதி ஓர் ஆய்வேட்டைக் காப்பாற்றியது, அது என் சாமர்த்தியம் இல்லை, ஆனால் ஒரு நல்ல மனுஷி மேல் நான் ஏற்றிய பழியை நானே இறக்கி வைத்தேனே, அது ஒன்றுதான் அந்த இரண்டு நாளில் நான் உருப்படியாகச் செய்த காரியம்.